சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

அன்றைக்கு லண்டனில், அக்காவின் லூயிஷாம் வீட்டு முன்னறையில் நின்றவர்களைச் சொல்கிறேன்.

அக்கா. கையில் அகப்பையோடு குசினி வாசலில் நின்றா.

இவர், என் புருசன். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து அந்த உடுப்போடே வந்தவர்.

சின்னம்மா. அம்மாவின் தங்கச்சி. காலை நீட்டிக்கொண்டு செற்றியில் இருந்தா.

ஐயர். கிரியை முடித்து அரிசி காய்கறியைப் பையில் கட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு டாக்குத்தர் அம்மா. மதுரைப் பக்கத்து ஆள். அக்கா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தா.

கிங்ஸ்பரி மாமா. சொந்த மாமா இல்லை. ஊரில் எங்கள் ஐயாவோடு, அப்பாவோடு, லொறியில் போய் வந்தவர். கடைசிக் காலத்தில் மகனோடு கிங்ஸ்பரியில் இருந்தார்.

பிறகு அத்தான். அக்காவின் புருசன். கதைத்தது அவர். கேட்டது இந்த ஆறு பேரும்.

அது ஐயாவின் ஆட்டத் திவசம், அவர் செத்து ஒரு வருசம். ஐயா ஊரில் செத்தவர். எங்களால் போக ஏலவில்லை. பாதையும் இல்லை, பாஸ்போட்டும் இல்லை. எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று சொல்லுவோம். ஐயாவுக்கு அது நடக்கவில்லை. ஆட்டத் திவசத்துக்கு நான் அடித்துத் தருகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். அந்த நாள் வந்தது. நான் வெறுங்கையோடு நின்றேன்.

ஐயர்தான் கேட்டார், கல்வெட்டு எங்கே என்று. நான் வாய் திறக்க முதல் அத்தான் திறந்துவிட்டார்.

“அதை ஏன் கேக்கிறியள் ஐயர். இவள் கொம்பியூட்டருக்குச் சந்தனம் பூசி, விபூதி பூசி, பாலாலதான் குளிப்பாட்டேல்லை. அது உள்ளுக்குப் போய் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுது. தையல் மெசினெண்டு நினைச்சிட்டாள் போல.”

சிரித்தார்கள். ஐயர் கொஞ்சம் சிரித்தார். டாக்குத்தர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. சின்னம்மா சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினா. இவர் நிலத்தைப் பார்த்தார். அக்கா குசினிக்குள் போய்விட்டா.

மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நான் சொன்னதெல்லாம் போட்டுதோ பிள்ளை?”

“ஓம் மாமா.”

“சந்தனத்தாலயோ?”

எனக்கும் அப்போது வேறு காரணம் தெரியாது. சந்தனம் வைத்தது உண்மை. அத்தான் சொன்னதை அன்றைக்கு நானும் நம்பினேன். அதுதான் எனக்குப் பிறகு பொறுக்க ஏலாமல் போனது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். லண்டனுக்கு வந்து ஒரு தையல் பக்டரியில் கொலர் தைத்தேன். தொண்ணூறில் அதைப் பூட்டினார்கள். ஒரு கந்தோரில், அதாவது ஒபீசில், கழித்து விட்ட கொம்பியூட்டரை இவர் வாங்கி வந்தார். எங்கள் மோர்டன் வீட்டில் மாடி அறையில் வைத்தோம். தமிழ் எழுத்து ஒரு டிஸ்க்கில் வந்தது. யாரோ யாரிடமோ பிரதி எடுத்து, அது கை மாறிக் கை மாறி வந்த டிஸ்க். எந்தக் கட்டையில் எந்த எழுத்து என்று கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதல் மாதம் ‘ஞ’ வைக் கண்டுபிடிக்க அழுதேன். பிறகு கை தானாகப் போனது.

அத்தான் லூயிஷாமில் கடை வைத்திருந்தார். பிளேன் டிக்கற், வீடியோ கசற், கலியாணக் காட். காட்டுக்கும் கல்வெட்டுக்கும் நான் வீட்டில் இருந்து தட்டிக் கொடுப்பேன். அவர் அச்சடித்து விற்பார். ஞாயிறு பின்னேரம் அவர் மோர்டனுக்கு வருவார். வேலையை டிஸ்க்கில் வாங்குவார். தேத்தண்ணி குடிப்பார். பிறகு என் கதிரையில் இருந்து கார் ஓட்டுவார். கடைக்கு வாற ஒரு பெடியன் கொடுத்த விளையாட்டு டிஸ்க் ஒன்று அவரிடம் இருந்தது. கார் சுவரில் முட்டும், அத்தான் தமிழில் ஏசுவார். போகிற நேரம் சுவரில் சுவிட்சை அடித்து நிறுத்திவிட்டுப் போவார். டிஸ்க் உள்ளேயே இருக்கும். திங்கள் காலை நான் சுவிட்சைப் போடுவேன். அது ஏதோ ஆங்கிலத்தில் குறை சொல்லும். டிஸ்க்கை வெளியே இழுத்துவிட்டு ஒரு கட்டையை அமத்துவேன். வேலை செய்யும். அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

ஐயாவின் கல்வெட்டை நான் வேலைக்கு நடுவில் எழுதினேன். மாமா பென்சன்காரர், பஸ் பாஸ் இருந்தது. கிங்ஸ்பரியில் இருந்து மோர்டனுக்குப் பாதி லண்டனைக் கடந்து வருவார். எனக்குப் பக்கத்தில் முக்காலியில் இருப்பார். ஐயா எப்படி இருந்தவர் என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். நேரே கொம்பியூட்டரில். கடதாசியில் எழுதி வைக்கவில்லை. அவ்வளவு பெரிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது எங்கே போகப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் சொன்னது எங்களுக்குத் தெரியாத ஐயா. வீட்டில் ஐயா பேசமாட்டார். லொறியில் பாடுவாராம், அதுவும் பொம்பிளைக் குரலில். ஒருமுறை புகையிலை லோட்டுக்கு மேலே ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாராம், அந்தப் பிள்ளைக்கு ஐயாவின் பேரை வைத்தார்களாம். எந்த ஊர், என்ன பேர், எந்தப் பாலம் எல்லாம் மாமா சொன்னார். இப்போது எனக்கு ஊர் ஞாபகம் இல்லை. தட்டியது ஞாபகம் இருக்கிறது, ஊர் இல்லை.

இனிச் சந்தனம்.

சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் வைப்போம். தொழில் செய்கிற ஆயுதத்தையும் வைப்போம். என் ஆயுதம் கொம்பியூட்டர். அதைத் தூக்க ஏலாது என்று சாமிப் படத்தைத் தூக்கி அதற்கு முன்னால் வைத்தேன். திரையின் மூலையில் ஒரு பொட்டு, டிஸ்க் போகிற வாய்க்குக் கீழே ஒரு பொட்டு. டிஸ்க் பெட்டியைப் படத்தடியில் வைத்தேன். கற்பூரத்தைத் தள்ளித்தான் காட்டினேன், பிளாஸ்டிக் என்று எனக்குத் தெரியும். வைத்த சாமானை அடுத்த நாள் விஜயதசமி காலை வரைக்கும் தொடக்கூடாது. அது முறை.

அந்தப் பூசைக்கு அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அவல் சாப்பிட்ட கையோடு அத்தான் கதிரையில் ஏறினார்.

சாமிக்கு வைத்ததில் கை வைக்காதீர்கள் என்று சொன்னேன்.

“சரஸ்வதிக்குக் கார் ஓட்டத் தெரியாது பிள்ளை. நான் ஓட்டிக் காட்டுறன்.”

ஓட்டினார். சாமிப் படத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு ஓட்டினார். சுவிட்சைச் சுவரில் அடித்தார். போனார்.

அடுத்த பங்குனியில் ஒரு காலை சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரை. மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது. ஐயா இல்லை. மாமா சொன்னது இல்லை. காட் இல்லை. தமிழ் எழுத்தும் இல்லை. திவசத்துக்கு மூன்று கிழமை இருந்தது.

அத்தானுக்குப் போன் எடுத்தேன். வந்து பார்த்தார். பொட்டு காய்ந்து வெடித்துப் போய் அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்து மணந்தார். இதுதான் என்று சொன்னார். கார் டிஸ்க்கை ஒருக்காப் போட்டுப் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. அதை என் மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

திவசம் முடிந்த பிறகுதான் கொம்பியூட்டரைத் திருத்தக் கொண்டுபோனேன். சந்தைக்குப் போகிற தள்ளு வண்டியில் போர்வையால் சுற்றி வைத்து, பஸ்ஸில் ஏற்றி, ஹை ரோட்டில் ஒரு கடை. வெள்ளைக்காரக் கிழவன். சந்தனத்தைக் காட்டி, இதனால்தான் என்று நானே சொன்னேன். அவன் டிஸ்க் போகிற பெட்டியைக் கழற்றி விளக்கடியில் பிடித்துக் காட்டினான். உள்ளே தூசிதான். சந்தனம் ஒரு துளி இல்லை. பிறகு என் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். கார் டிஸ்க்கைப் போட்டதும் திரையில் ஒரு பேர் வந்தது. வைரஸ் என்றான். அந்தச் சொல்லை நான் தடிமன் காய்ச்சலுக்குத்தான் கேள்விப்பட்டிருந்தேன்.

அவன் மெதுவாகச் சொன்னான், எனக்கு விளங்குகிற இங்கிலீசில். இந்த டிஸ்க் உள்ளே இருக்கிற நேரம் சுவிட்சைப் போட்டால் அது பெட்டிக்குள் இறங்கிவிடும். இறங்கினால் ஒன்றும் செய்யாது. வருசத்தில் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாள் சுவிட்சைப் போட்டால் எல்லாவற்றையும் அழிக்கும். எந்த நாள் என்று கேட்டேன். சொன்னான். என் கொம்பியூட்டர் கறுத்த அதே நாள்.

இன்னும் சில சொன்னான். நிறுத்துகிற நேரம் டிஸ்க்கை வெளியே எடு. வெளியார் டிஸ்க் எதையும் பரிசோதிக்காமல் போடாதே. டிஸ்க் மூலையில் இருக்கிற சின்னக் கதவைத் தள்ளினால் பிறகு ஒருவரும் அதில் எழுத ஏலாது, வேலை முடிந்ததும் தள்ளிவிடு. எதையும் இரண்டு பிரதி எடு, இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதே. சுவரில் அடித்து நிறுத்தாதே. இதெல்லாம் இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பரிசோதிக்கிற டிஸ்க் ஒன்று தந்தான். கார் டிஸ்க்கைக் குப்பையில் போடச் சொன்னான். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.

வீட்டில் இவருக்குச் சொன்னேன். இவர் உடனே போனைத் தூக்கினார், லூயிஷாமுக்கு எடுக்க. நான் வாங்கி வைத்தேன்.

“ஏன்? சொல்லன். ஆறு பேருக்கு முன்னால உன்னை விசரியாக்கினவர்.”

“நான் சொன்னா நான் சொன்னதாத்தான் இருக்கும்.”

“அப்ப?”

“அவர் சொல்லவேணும்.”

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சாப்பிட வந்தார்.

மாமாவிடம் போனேன். கிங்ஸ்பரி வீட்டில் மருமகள் தேத்தண்ணி தந்தா. இன்னொருக்காச் சொல்லுங்கோ மாமா, இந்த முறை இரண்டு பிரதி எடுக்கிறேன் என்றேன். சந்தனம் இல்லை மாமா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அத்தானின் வாயால் கேட்கட்டும் என்று விட்டேன்.

மாமா சொன்னார், “ஏலாது பிள்ளை. ஒருக்காச் சொன்னன். நீ அதைக் கவனமா வைச்சிருந்திருக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுக்கு மேல் அவர் ஐயாவைப் பற்றிக் கதைக்கவில்லை. ரிவியைப் போட்டு நியூஸ் பார்த்தார்.

அந்த வருசம் முழுக்க நான் ஒழுங்காக வேலை செய்தேன். பழைய வேட்டித் துண்டால் கொம்பியூட்டரை மூடினேன், சூடு ஆறிய பிறகு. தேத்தண்ணியை அந்த மேசையில் வைக்க விடவில்லை. ஒவ்வொரு வேலையும் இரண்டு டிஸ்க். ஒன்று வீட்டில். மற்றது இவரின் பெற்றோல் ஷெட் லொக்கரில், பிஸ்கற் பேணிக்குள்.

கோடையில் அத்தான் கடைக்குப் புதுக் கொம்பியூட்டர் வாங்கினார். வாடிக்கைக்காரரின் பேர், டிக்கற் விபரம், எல்லாம் அதில். கடவுச்சொல் வேண்டும் என்று விற்றவன் சொன்னானாம். ஊர்ப் பேரைக் கடவுச்சொல்லாக வைத்து, மறந்துவிடும் என்று திரையிலேயே ஒட்டி வைத்திருந்தார். கடையின் பேரும் அந்த ஊர்தான். வெளியில் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும்.

சந்தனக் கதை அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது. கோயிலில் ஒரு பொம்பிளை என்னைக் கேட்டா, நீங்களோ கொம்பியூட்டருக்குப் பொட்டு வைச்ச ஆள் என்று. ஓம் என்றேன்.

ஒரு ஞாயிறு அத்தான் வந்தார். புதுக் கொம்பியூட்டரில் கார் நல்லா ஓடும், அந்த டிஸ்க் எங்கே என்று கேட்டார். பழுதில்லாமல் இருக்கிறதோ என்றும் கேட்டார். சாமிப் படத்தடியில் கிடந்தது. எடுத்தேன்.

“உங்கட சாமான்தான் அத்தான்.”

“சந்தனம் வைக்கேல்லையோ?”

சிரித்துக்கொண்டு கேட்டார். அக்காவும் நின்றா. நான் சிமிழைத் திறந்து, விரலால் தொட்டு, டிஸ்க்கில் ஒட்டியிருந்த பேப்பரில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன். அத்தானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கடைக்கு வருகிற எல்லாருக்கும் அந்தப் பொட்டைக் காட்டினாராம்.

கொடுக்கிற நேரம் ஒன்று சொன்னேன். நான் சொன்னது அக்காவுக்கும் கேட்டது.

“விளையாடி முடிஞ்சா டிஸ்க்கை வெளியில எடுங்கோ. உள்ளுக்கு விட்டிட்டுச் சுவிட்சைப் போடாதேங்கோ.”

“ஓம் ரீச்சர்.”

அவ்வளவுதான். அவர் எடுத்திருந்தால் ஒன்றும் நடந்திராது. அவர் எடுக்கமாட்டார். எத்தனை ஞாயிறு அவர் விட்டுப் போனதைத் திங்களில் நான் இழுத்து எடுத்தவள்.

மூன்றாம் கிழமை அவர் கடையில் இருந்து ஒரு வேலை டிஸ்க் வந்தது. பரிசோதித்தேன். அந்தப் பேர் திரையில் வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு அந்த டிஸ்க்கை மட்டும் சுத்தம் செய்து, வேலையைப் புது டிஸ்க்கில் எடுத்து, கதவைத் தள்ளி, திருப்பி அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அவர் டிஸ்க் எல்லாம் வருத்தத்தோடு வரும், என் டிஸ்க் எல்லாம் சுகமாகப் போகும். அவருக்குத் தெரியாது.

மாரி வந்தது. இவர் இரண்டு முறை கேட்டார், இன்னும் சொல்லவில்லையோ என்று. இல்லை என்றேன்.

தைப்பொங்கல் கழிந்து மாமா செத்தார். நித்திரையில். செத்த வீட்டுக்குக் கிங்ஸ்பரி போனோம். மகன் என்னிடம் வந்து கல்வெட்டைத் தட்டித் தரக் கேட்டான். கொஞ்சம் நின்று, குரலைத் தணித்து, “கவனமாச் செய்யுங்கோ அக்கா, சந்தனம் கிந்தனம் வைக்காமல்” என்றான். அப்பா சொன்னவர் என்றான். பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே பயந்தான்.

தட்டிக் கொடுத்தேன். இரண்டு பிரதி.

அன்றைக்கு அத்தானும் செத்த வீட்டில் நின்றார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நாள் பார்த்துக்கொண்டு இருந்தேன். மாமாவுக்கு அந்த நாள் வரவில்லை. அத்தானின் கணக்கில் அதையும் எழுதினேன்.

பங்குனியில் அந்த நாள் வந்தது. நான் வேறு வேலை வைக்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தேன். கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அடித்தது. அத்தான்தான்.

“பிள்ளை, எல்லாம் கறுத்துப் போச்சு. கோடு மட்டும் மின்னுது.”

“ஓ.”

“நான் சந்தனம் வைக்கேல்லை.”

“ஓம். நீங்கள் வைக்கேல்லை.”

பிறகு ஊர்ச் சங்கத்து விழா மலரைப் பற்றிக் கேட்டார். அதுதான் அவர் அந்த வருசம் எடுத்த பெரிய வேலை. கடைக்காரர் எல்லாரிடமும் விளம்பரம் வாங்கி, சங்கத்து மேடையில் ஏறி, பத்து நாளில் புத்தகம் கையில் வரும் என்று மைக்கில் சொல்லியிருந்தார். நான் தட்டிய வேலை. நான் அனுப்பிய டிஸ்க்குகளைக் கடைப் பெட்டியில் ஏற்றிவிட்டு, கதவைத் திரும்பத் தள்ளி, அவற்றிலேயே கார் விளையாட்டைப் பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார். புது டிஸ்க் வாங்கப் பஞ்சி, சோம்பல்.

“உன்னட்ட இருக்கோ?”

“ரெண்டு பிரதி இருக்கு.”

மூச்சு விட்டது போனில் கேட்டது.

“இப்பவே வாறன்.”

“வரவேண்டாம் அத்தான். திவசத்தண்டு நான் கொண்டு வாறன்.”

இரண்டாம் திவசம் அந்த முறை திதிப்படி முன்னுக்கு வந்தது. எட்டு நாள் இருந்தது. அது பிந்தும் என்று கத்தினார். அச்சுக்கு இரண்டு நாள் போதும் என்று சொன்னேன். பிறகு திருத்தக் கடைக்காரன் சொன்னது முழுக்க அவருக்குச் சொன்னேன். எந்த டிஸ்க், எப்படி இறங்கியது, எந்த நாள். என் ஐயாவைத் தின்றதும் அதுதான் என்றேன். போன வருசம் யார் யாருக்கு முன்னால் சந்தனம் என்று சொன்னீர்களோ, அவர்களுக்கு முன்னால் டிஸ்க் என்று சொல்லுங்கள், மலரைத் தருகிறேன் என்றேன்.

“அவையள் அதை மறந்திருப்பினம் பிள்ளை.”

“நான் மறக்கேல்லை.”

அக்கா அன்று பின்னேரம் போன் எடுத்தா. விட்டுக்கொடு என்றா. மனிசன் சாப்பிடவில்லை, சங்கத்து ஆட்கள் கடைக்கு வந்து சத்தம் போடுகிறார்கள் என்றா. நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். பிறகு அக்கா குரல் மாறியது.

“அந்தப் பொட்டு வைச்ச டிஸ்க். நீ தெரிஞ்சே குடுத்தனியோ?”

“ஓம்.”

“அவர் சங்கத்தில தலை காட்ட ஏலாமல் நிக்கிறார்.”

“நான் கோயிலில அப்பிடித்தான் நிக்கிறன். ஒரு வருசமா.”

அக்கா போனை வைத்துவிட்டா.

திவசத்தன்று ஐயர் வந்தார். சின்னம்மா அதே செற்றியில். டாக்குத்தர் அம்மாவை அக்கா கூப்பிடவில்லை, நான் போய்க் கதவைத் தட்டிக் கூட்டி வந்தேன். இவர் லீவு எடுத்து வந்தார். கிரியை முடிந்தது. இலை போட்டாயிற்று. அத்தான் கூட்டிப் பெருக்குகிற மாதிரி அங்கும் இங்கும் நடந்தார். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

“சாப்பிட முதல், அத்தான்” என்றேன்.

அத்தான் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“போன வருசம் நான் ஒண்டு சொன்னனான். சந்தனத்தால எண்டு. அது பிழை. என்ர விளையாட்டு டிஸ்க்கில வைரஸ் இருந்தது. அதுதான் இவளின்ர ஐயான்ர கல்வெட்டை அழிச்சது. இவளில பிழையில்லை.”

ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

ஐயர் தொண்டையைச் செருமினார். கொம்பியூட்டருக்குப் பொட்டு வைக்க வேண்டாம் என்று போன வருசம் பூசைக்குப் போன வீடெல்லாம் தான் சொல்லிவிட்டதாகச் சொன்னார். டாக்குத்தர் அம்மா கன்னத்தில் கை வைத்தா.

“ஐயோ, நான் எங்க ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேனேம்மா. இப்ப நான் யார்கிட்டன்னு போய்த் திருப்பிச் சொல்றது?”

“சொல்லுங்கோ” என்றேன். “ஏலுமான ஆக்களுக்குச் சொல்லுங்கோ.”

சின்னம்மா அத்தானைப் பார்த்து ஒன்றுதான் சொன்னா. “நீர் என்ர அக்கான்ர புருசன்ர திவசத்தில நிண்டுகொண்டு பொய் சொன்னீரோ?” தெரியாமல் சொன்னது என்று அக்கா வாசலில் நின்று சொன்னா. அது உண்மைதான். தெரியாமல்தான் சொன்னார். தெரியாது என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

மலர் டிஸ்க்கை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவைத் தள்ளி வைத்திருந்தேன். அத்தான் அதை இரண்டு கையாலும் எடுத்தார்.

பிறகு ஐயாவின் கல்வெட்டைக் கொடுத்தேன். எனக்கு ஞாபகம் இருந்ததைத் திரும்பத் தட்டி, நானே அடித்து, நூலால் தைத்தது. மெல்லியது. பிறந்த ஊர், கலியாணம், பிள்ளைகள், தேவாரம். ஐயா லொறியில் பாடினார் என்று ஒரு வரி. என்ன பாட்டு என்று இல்லை. மாமாவுக்குத்தான் தெரியும்.

அத்தான் அன்றைக்குப் பிறகு என் கதிரையில் இருந்ததில்லை. வேலை தொடர்ந்து தந்தார், நானும் செய்தேன். டிஸ்க்கை வாசலில் வைத்து வாங்குவேன். அக்கா கொஞ்சக் காலம் கதைக்கவில்லை, பிறகு கதைத்தா. அடுத்த சரஸ்வதி பூசைக்கு நான் கொம்பியூட்டருக்குப் பொட்டு வைத்தேன். இன்றைக்கும் வைக்கிறேன்.

அன்றைக்குத் திவசம் முடிந்து வீடு வருகிற வழியில் இவர் பஸ்ஸில் கேட்டார், இப்போது சரிதானே, மனம் ஆறிவிட்டதோ என்று. நான் விரல் மடித்து எண்ணினேன். சந்தனம் என்று கேட்டவர்கள் அக்கா, இவர், சின்னம்மா, ஐயர், டாக்குத்தர் அம்மா, மாமா. ஆறு.

டிஸ்க் என்று கேட்டவர்கள், ஐந்து.